உள்ளங்கையில் ஒரு கொட்டகை!

பாம்பன் கரையிலே வலை பிரித்துக்கொண்டிருந்த தோழரோடு பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்திலே மகன், கையிலே கைப்பேசி.

"என்ன தம்பி?" என்றோம்.

"அண்ணன் படம் போட்டிருக்காரு, பரப்பணும்!"

எந்த அண்ணன்? உடன்பிறந்தவனா? இல்லை, திரையிலே வரும் அண்ணன்!

அந்நாளிலே ஆட்டம் முடிந்தால் கொட்டகையில் விளக்கு எரியும், வீடு திரும்புவோம். இந்நாளிலோ ஆட்டமே முடிவதில்லை! நடிகர் காலையிலே வணக்கம் சொல்கிறார்; இலட்சம் பேருக்குச் சொன்னதைத் தனக்கே சொன்னதாக ஒவ்வொருவனும் எண்ணிக்கொள்கிறான். சூட்சுமம் அங்கேதான்!

2020 பிப்ரவரியிலே, நெய்வேலியில் வண்டியின்மீது ஏறி, ரசிகர் கடல் பின்னணியாக, விஜய் தானே எடுத்த படத்தை டுவிட்டரில் போட்டார். அவ்வாண்டு இந்தியாவிலேயே மிக அதிகமாக மறுபகிர்வு ஆன பதிவு அதுதான். ஏன்? அதிலே இருந்தது அவர் முகம் மட்டுமா? ஆயிரம் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் முகமும் அல்லவா! 'நானும் இருக்கிறேன்' என்ற நினைப்பு இருக்கிறதே, இரும்புச் சங்கிலியும் அதற்கு ஈடில்லை.

கைதட்டல் எல்லாம் வாக்காகிவிடுமா? பரமக்குடியிலே பிறந்த கமல்ஹாசன், 2018 பிப்ரவரி 21 அன்று இராமேசுவரத்தில், அப்துல் கலாம் இல்லத்திலிருந்து அரசியல் பயணம் புறப்பட்டார். 2021இல் கோவை தெற்கிலே 1,728 வாக்கில் தோற்றார். 1967இல் கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். படம் சுவரொட்டியிலே வந்தது, பரங்கிமலையிலே வென்றார். அதை ஒட்டுவதற்குப் பசை வாளியோடு ஊர்தோறும் கிளைக்கழகத் தோழன் இருந்தான்!

"மாமன் படகை அக்கரையிலே பிடித்து வைத்தார்களே, அதை எத்தனை பேருக்குப் பரப்பினாய் தம்பி?" என்று கேட்டோம்.

பையன் தலை நிமிரவில்லை. தகப்பனார் அறுந்த வலைக்கண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.