காரின் தோல் உரிகிறதா? எண்ணெய்ப் போத்தலைக் கீழே வையுங்கள்

தொலைக்காட்சியில் நான் வழிநடத்தும் கலந்துரையாடலில் கல்விக் கடன், குடும்பச் சிக்கல், வேலை வாய்ப்பு என்று எத்தனையோ பேசியிருக்கிறோம். பழைய கார்களின் சாயத்தைப் பற்றிப் பேசிய அன்று வந்த தொலைபேசி அழைப்புகளைப் போல வேறெந்த நாளிலும் வந்ததில்லை. எல்லாருக்கும் பதில் சொல்ல நேரம் போதவில்லை. அன்று பேசியதையும், விட்டுப் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொதுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். சாயம் என் துறை அன்று. கிள்ளானில் பல ஆண்டுகளாகச் சாயப் பட்டறை நடத்தும் அண்ணன் ஒருவர் அன்றைய விருந்தினராக வந்திருந்தார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், என் அப்பாவின் வீரா காரில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் காரைப் பதிவிலிருந்து நீக்கிவிட வேண்டும். நம் மலேசியாவில் அப்படி இல்லை. 2009ஆம் ஆண்டில், 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்குச் சாலை வரி புதுப்பிக்கும்போது கட்டாயச் சோதனை என்று ஓர் அறிவிப்பு வந்து, மக்கள் எதிர்த்ததால் விரைவிலேயே மீட்டுக்கொள்ளப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். ஆகவே 1993இல் அறிமுகமான வீராவும், 1994இல் வந்த கான்சிலும் இன்னும் நம் தாமான்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இயந்திரம் நன்றாக இருக்கும். கூரையைப் பார்த்தால் வெயிலில் கருகி உரிந்த முதுகைப் போல வெள்ளை வெள்ளையாகத் தோல் கழன்றிருக்கும்.

அந்தத் தோல் என்ன? காரின் இரும்புத் தகட்டின் மேல் இருப்பது ஒரே சாயம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நான்கு அடுக்குகள் உண்டு. காரின் கூட்டையே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒட்டவைக்கும் துருத் தடுப்புப் பூச்சு முதலாவது. அதன்மேல் பிரைமர். அடுத்து நாம் விரும்பி வாங்கிய நிறம். அதற்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. இதைத்தான் பட்டறையில் 'கிளியர்' என்பார்கள். பளபளப்பு முழுவதும் இந்தக் கிளியரில்தான் இருக்கிறது. நான்கையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு போட்டோஸ்டேட் தாளின் கனம். அதில் கிளியர் மட்டும் பாதிக்கும் குறைவு, நம் தலைமுடியைவிட மெலிசு. நிகழ்ச்சியில் அண்ணன் மேசைமீது கிடந்த தாளைத் தூக்கிக் காட்டி, "இதுல பாதிய நம்பித்தான் இருபது வருசம் வெயில்ல நிறுத்துறோம்" என்றார்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள்தான் முதல் எதிரி. அவற்றை உறிஞ்சிக்கொள்ளும் வேதிப் பொருள்களைக் கிளியரில் கலந்துதான் தயாரிக்கிறார்கள். ஆண்டுகள் போகப் போக அவை தீர்ந்துவிடுகின்றன. பிறகு கிளியர் விறைத்துப் போய், கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடுகிறது. விரிசல் வழியே தண்ணீர் இறங்குகிறது. நிறத்தோடு இருந்த பிடிப்பு விட்டுப்போகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள். ஆண்டு முழுவதும் வெயில் ஏறக்குறைய தலைக்கு நேராகவே விழுவதால் கூரை, பொனட், பூட் ஆகிய மூன்றும்தான் முதலில் போகும். கதவுகள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்.

எல்லாப் பழியும் உரிமையாளர்மீது விழக் கூடாது. 2019இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் 040 என்ற எண் கொண்ட வெள்ளை நிறத்தில் விற்ற சில கார்களுக்குச் சாய உத்தரவாதத்தை நீட்டித்தது. வெயிலால் அடிப் பூச்சுக்கும் பிரைமருக்கும் இடையே பிடிப்பு விட்டுப் போகிறது என்பதே காரணம். அந்தக் கார்களைத் தினமும் கழுவி மெழுகு போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. நம்மூரில் "நீ சரியா பாத்துக்கல" என்று மகனைத் திட்டும் அப்பாக்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அன்று அழைத்தவர்களில் பாதிப் பேர் இரண்டு வெவ்வேறு நோய்களை ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொண்டார்கள். ஒன்று மங்கல், மற்றது உரிதல். கிளியர் இல்லாமல் நிறத்தை மட்டும் அடித்த பழைய கார்கள் உண்டு. வெயில் பட்டு அவற்றின் மேல்பரப்பு மாவுபோல் ஆகிவிடும். சிவப்புக் கார் வெளிறி இளஞ்சிவப்பாகிவிடும். அதற்கு மருந்து உண்டு. வெள்ளைத் துணியில் பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் கிளியர் இல்லாத சாயம் அது. மாவை மட்டும் நீக்கினால் அடியில் நல்ல நிறம் கிடைக்கும். துணியில் நிறம் ஏறாமல், கார் மட்டும் மங்கலாக இருந்தால் மேலே கிளியர் இருக்கிறது. அதுவும் உயிரோடு இருக்கும்வரை பாலிஷ் உதவும். ஆனால் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அந்தப் பாதித் தாளில் இருந்துதான் எடுக்கிறோம். ஆண்டுக்கு மூன்று தடவை கார் கழுவும் கடையில் மிஷின் போட்டுத் தேய்க்கக் கொடுப்பது, கிளியரின் ஆயுளைக் காசு கொடுத்துக் குறைப்பதாகும்.

உரிய ஆரம்பித்துவிட்டால் கதை வேறு. விளிம்பில் நகம் பட்டால் செதில் செதிலாக வருகிறது என்றால், உலகத்தில் எந்தப் பாலிஷும், எந்த மெழுகும், விளம்பரத்தில் காட்டும் எந்த மந்திரத் திரவமும் அதைத் திரும்ப ஒட்டவைக்காது. போன தோல் போனதுதான்.

இதை ஏற்றுக்கொள்ள என் அப்பாவுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது வாங்கிய 1999ஆம் ஆண்டு வீரா, கரும்பச்சை. கூரையில் கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு வந்ததும் யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் தடவினார். தடவியவுடன் திட்டு மறைந்து கார் புதிதுபோல் ஆகிவிட்டது! "பாத்தியாம்மா?" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சொரசொரப்பான பரப்பில் வெளிச்சம் சிதறுவதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் அந்த மேடு பள்ளங்களை நிரப்புவதால் தெளிவாகத் தெரிகிறது. பனிக்கண்ணாடியில் தண்ணீர் தெளித்தால் மறுபக்கம் தெரிவதைப் போலத்தான். இரண்டு மழைக்குப் பிறகு திட்டு திரும்ப வந்தது, முன்பைவிடப் பெரிதாக. அடுத்து சிலிகோன் கலந்த பளபளப்புத் திரவம் வாங்கினார். அதற்கடுத்து கடையில் விற்கும் ஸ்ப்ரே டின். கடைசியில் ஒரு பட்டறையில் 350 வெள்ளிக்குக் கூரை முழுதும் கிளியர் அடித்துத் தந்தார்கள். எட்டு மாதத்தில் அது பாம்புச் சட்டை போல ஒரே துண்டாகக் கழன்றது. ஓய்வு பெற்று சேமநிதிப் பணத்தில் வாழ்பவருக்கு 350 வெள்ளி சிறிய தொகை அன்று. பணம் போனதைவிட, அந்தக் காரை வெளியே எடுக்கவே அவர் கூச்சப்பட்டதுதான் எங்களுக்கு வருத்தமாக இருந்தது. உறவினர் திருமணத்துக்கு இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

ஏன் கழன்றது என்று கிள்ளான் அண்ணனிடம் கேட்டேன். அந்தப் பட்டறையில் தளர்ந்த பழைய கிளியரின் மேலேயே புதியதை அடித்திருக்கிறார்கள். அடியில் இருப்பது கழலும்போது மேலே இருப்பது மட்டும் எப்படி நிற்கும்? அப்பா பூசிய எண்ணெயும் சிலிகோனும் வேறு. அவை துளி ஒட்டியிருந்தால்கூடப் புதிய சாயம் அந்த இடத்தைத் தொடாமல் விலகி, மீன்கண் போல வட்ட வட்டக் குழியாகும். அதனால்தான் எண்ணெய்ப் போத்தலைக் கீழே வையுங்கள் என்கிறேன். இன்றைக்கு மினுமினுப்பு, நாளைக்குச் சாயம் அடிப்பவருக்கு இரட்டை வேலை.

சரியான முறை பொறுமையானது. உரிந்த இடத்தை மட்டுமல்லாமல், உரியக் காத்திருக்கும் சுற்றுப்பகுதியையும் சேண்ட் பேப்பரால் தேய்த்து, உறுதியான அடுக்கு வரும்வரை எடுத்துவிட வேண்டும். விளிம்பு விரலுக்குத் தட்டுப்படக் கூடாது. எண்ணெய்ப் பசையைத் துடைத்து, தேவையான இடத்தில் பிரைமர் அடித்து, நிறம் அடித்து, பிறகு கடினமாக்கி கலந்த கிளியர் இரண்டு கை அடிக்க வேண்டும். செலவில் பெரும்பகுதி சாயத்துக்குப் போவதில்லை, தேய்க்கும் மணி நேரத்துக்குத்தான் போகிறது. "நாளைக்கே தர்றேன், பாதி விலை" என்று ஒருவர் சொன்னால், அவர் எதைக் குறைக்கிறார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

பட்டறையில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, கிளியரை எங்கே கொண்டுபோய் முடிப்பீர்கள் என்பது. பொனட், கதவு போன்றவற்றுக்கு இயற்கையான விளிம்பு உண்டு, அங்கே முடித்துவிடலாம். ஆனால் பல கார்களில் கூரையும் பின்பக்கத் தூணும் ஒரே தகடாகத் தொடர்கின்றன. அங்கே சிலர் பாதித் தூணில் புதியதைப் பழையதோடு மெலிதாகக் கரைத்து நிறுத்திவிடுவார்கள். அடித்த அன்று கோடு தெரியாது. பூச்சு அங்கேதான் மிக மெலிசு என்பதால் சில ஆண்டுகளில் முதலில் உரிவதும் அங்கேதான். முழுப் பக்கவாட்டையும் அடித்தால் செலவு கூடும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் விருப்பம், ஆனால் தெரிந்து தேர்ந்தெடுங்கள்.

சாய எண் காரில் ஒட்டிய தகட்டிலோ வில்லையிலோ இருக்கும். அந்த எண்ணை மட்டும் நம்பிக் கலந்தால் புதுக் காரின் நிறம்தான் வரும். உங்கள் கார் இருபது ஆண்டு வெளுத்திருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கலப்பவரே நல்ல தொழிலாளி. நிறத்தையே மாற்றுவதென்றால் ஜே.பி.ஜே.யிடம் தெரிவித்துப் பதிவில் திருத்த வேண்டும்.

கையில் பணம் குறைவு என்றால் எதை முதலில் பார்ப்பது? என் கருத்து, உரியும் கூரை காத்திருக்கலாம். அடியில் இன்னும் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. சக்கர வளைவிலோ கதவின் அடியிலோ சாயம் கொப்புளித்திருந்தால் அது காத்திருக்காது. உள்ளேயிருந்து துரு தள்ளுகிறது என்று பொருள். அதை வெட்டி எடுக்காமல் புட்டி பூசிச் சாயம் அடித்தால் மாதக் கணக்கில் திரும்ப வரும்.

சுங்கை பட்டாணியில் இருந்து ஓர் இளைஞர் அழைத்தார். கடினமாக்கியோடு வரும் இரட்டைக் கலவைக் கிளியரை இணையத்தில் வாங்கி, வீட்டு முன் கூடத்தில் தானே அடிக்கலாமா என்றார். பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. அதுவரை சிரித்துப் பேசிய அண்ணன் முகம் மாறியது. "தம்பி, பிள்ள இருக்கிற வீட்டுல அத தொறக்காதீங்க" என்றார். அந்தக் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அதன் துளிப் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு எதிராக மாறிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சைத் திணறவைக்கும். வாசனையை வைத்து ஆபத்தை அறிய முடியாது. மூக்கை மூடும் சாதாரணத் துணி, காகித உறை எதுவும் இதைத் தடுக்காது. பட்டறைகளில் தனி அறையும், வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகக்கவசமும் அதற்காகத்தான்.

நிகழ்ச்சி முடிந்து விளக்குகள் அணைந்த பிறகு அண்ணன் தன் சட்டைப் பையில் இருந்த நீல நிற மூச்சுக் குழாயை எடுத்துக் காட்டினார். இளம் வயதில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சாயம் அடித்தவர் அவர். இப்போது பட்டறையில் சாயத் துப்பாக்கியைத் தொடுவதில்லை. தேய்ப்பதையும் நிறம் கலப்பதையும் மேற்பார்வை செய்வதோடு சரி. கேமரா முன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வர்றவங்க பயந்துருவாங்க, தங்கச்சி" என்றார். எழுதலாமா என்று கேட்டபோது, பெயர் போடாமல் எழுதச் சொன்னார்.

பராமரிப்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நிழலில் நிறுத்துங்கள், ஆனால் காகமும் மைனாவும் அடையும் மரத்தடியில் வேண்டாம். பறவை எச்சத்தில் அமிலம் இருக்கிறது. சுடும் தகட்டில் மதியம் முழுதும் கிடந்தால் தடம் பதிந்துவிடும். ஈரத் துணியை வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள், காய்ந்ததைத் தேய்க்காதீர்கள். விளிம்பு தூக்கியிருக்கும் இடத்தில் அழுத்த நீர்க் குழாயைக் காட்ட வேண்டாம் என்று கழுவும் கடையில் சொல்லிவிடுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை மெழுகு போதும்.

அப்பாவின் வீரா இப்போது கிள்ளான் அண்ணனின் பட்டறையில் சாயம் அடித்து மூன்று ஆண்டாகிறது. தூணில் கரைத்து நிறுத்தத்தான் எங்களிடம் பணம் இருந்தது. போன வாரம் அந்த இடத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு வெளுப்பு தெரிந்தது. அப்பா அதைக் கவனித்துவிட்டார். சமையலறைப் பக்கம் போகவில்லை. அண்ணனுக்குத்தான் தொலைபேசியில் அழைத்தார்.