காவலுக்கு நாய் வளர்க்கப் போகின்றீர்களா?

நாய் வளர்ப்பது ஆண்களின் விருப்பம் என்றே பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் குட்டியை வாங்கி வருபவர் யாராக இருந்தாலும், அதற்குச் சோறு குழைத்து வைப்பது, உண்ணி பார்ப்பது, அசுத்தம் செய்த இடத்தைக் கழுவுவது எல்லாம் அநேகமான வீடுகளில் பெண்களின் வேலையாகவே இருக்கின்றன. அத்துடன், ஆண்துணையின்றி வாழும் பெண்கள் பலர் பாதுகாப்புக்காகப் பெரிய இன நாய்களை நாடுகின்றார்கள். ஆகவே இதுபற்றி நாம் அறிந்திருப்பது அவசியம்.

எங்கள் வீட்டில் ஏழு வருடங்களாக ஒரு றொட்வைலர் நாய் வளர்கின்றது. வீட்டில் நானும் மாமியும் மட்டுமே இருப்பதால், வெளியூரில் வேலை செய்யும் மகன் அதைக் குட்டியாகக் கொண்டுவந்து தந்தான். ராசா என்று பெயர் வைத்தோம். அவனை வளர்த்ததில் கண்டுகொண்டவற்றையும், மிருக வைத்தியரிடம் கேட்டு அறிந்தவற்றையும் இங்கே எழுதுகின்றேன்.

வேலைக்கென்றே உருவான இனம்

றொட்வைல் என்பது ஜேர்மனியின் தென்மேற்கில் உள்ள பழைய நகரம். உரோமர் படைகளுடன் மாட்டு மந்தைகளைச் சாய்த்து வந்த நாய்களே இந்த இனத்தின் முன்னோர் என்று கருதப்படுகின்றது. பிற்காலத்தில் அந்த நகரின் இறைச்சி வியாபாரிகள் மாடுகளை ஓட்டிச் செல்லவும், இறைச்சி வண்டியை இழுக்கவும், உடைமைகளைக் காக்கவும் இவற்றைப் பயன்படுத்தினார்கள். 'றொட்வைல் இறைச்சிக்காரரின் நாய்' என்பதே இதன் பழைய பெயர். மாடுகளைப் புகையிரதத்தில் ஏற்றும் காலம் வந்ததும் நாய்களுக்கு வேலை இல்லாமற் போய், இனமும் அருகியது. 1910ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் பொலிஸ் நாயாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னரே மீண்டும் பெருகத் தொடங்கியது.

ஆண் நாய் தோள்வரை 61 முதல் 68 சென்ரிமீற்றர் உயரமும் ஏறக்குறைய 50 கிலோ நிறையும் கொண்டது. பெண் நாய் 56 முதல் 63 சென்ரிமீற்றர் உயரம், 42 கிலோ அளவு நிறை. கரிய உடல், கண்களுக்கு மேலும் கன்னத்திலும் நெஞ்சிலும் கால்களிலும் செம்மண்ணிறத் திட்டுகள். 50 கிலோ என்பது ஒரு மூடை சீமெந்தின் நிறை. அன்போடு பாய்ந்தால்கூட ஒரு சிறு பிள்ளையையோ வயோதிபரையோ விழுத்திவிடும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

நன்றாக வளர்க்கப்பட்ட றொட்வைலர் அமைதியானது. காரணமின்றிக் குரைப்பது குறைவு. அந்நியர் வந்தால் முதலில் நின்று பார்க்கும். வீட்டாரில் மிகுந்த பாசம் உள்ளது. மாமி சாமான்கள் தெரிவு செய்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தால் ராசா அவரது முதுகில் சாய்ந்துகொண்டே படுத்திருப்பான்.

கட்டி வைத்தால் காவலா?

எங்கள் ஒழுங்கையில் கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளுடன் வாழும் சகோதரி ஒருவர் இருக்கின்றார். ஒருநாள் என்னிடம், "அக்கா, உங்கட ராசா மாதிரி எனக்கும் ஒரு குட்டி எடுத்துத் தாங்கோ. படலையடியில கட்டி விட்டால் ஒருத்தரும் உள்ளுக்க வரமாட்டினம்" என்று கேட்டார். அவரது பயம் எனக்கு விளங்கியது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு இரவில் ஓலை சரசரத்தாலே நெஞ்சு படபடக்கும். ஆனாலும், "கட்டி வைக்கத்தான் என்றால் இந்த இனம் வேண்டாம் தங்கச்சி" என்றுதான் சொன்னேன்.

காரணம் இதுதான். நாள் முழுவதும் சங்கிலியில் நிற்கும் நாய் மனிதருடன் பழகுவதில்லை. போவோர் வருவோர் எல்லோரும் அதற்கு எதிரிகளாகத் தெரிவார்கள். ஒருநாள் சங்கிலி அறுந்தால் அது கள்வனை மட்டும் தேடிப் போகாது; பந்து எடுக்க வந்த அயல்வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும். வழமையானது எது என்று தெரிந்த நாய்க்குத்தான் வழமைக்கு மாறானது எது என்று தெரியும்.

இதைக் குட்டியிலேயே பழக்க வேண்டும். எட்டு வாரங்களுக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. அதன்பின் வரும் சில வாரங்களே மிக முக்கியமானவை. தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்காமல் ராசாவைக் கையில் தூக்கிக்கொண்டு படலையடியில் நிற்பேன். தபாற்காரர், பாடசாலைப் பிள்ளைகள், குடை பிடித்தவர், முச்சக்கரவண்டி எல்லாவற்றையும் பார்த்தான். 'இரு', 'நில்', 'வா' என்ற சொற்களைச் சிறு மீன்துண்டு கொடுத்தே பழக்கினோம். அடித்துப் பழக்கிய நாய் பயத்தால் கடிக்கும். உறுமினாலும் அடிக்காதீர்கள், உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் சிறுபிள்ளையுடன் தனியே விடலாகாது. சுற்றிவர உறுதியான மதில் அல்லது வேலியும் வேண்டும்.

சாப்பாடு

குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவையும், வளர்ந்த நாய்க்கு இரண்டு தடவையும் உணவு கொடுக்கலாம். சோறுடன் முள் நீக்கிய மீன் அல்லது இறைச்சி, பூசணி, கரட் சேர்த்து உப்பு, தூள் இல்லாமல் அவித்துக் கொடுக்கின்றேன். சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், சொக்கலேற், முந்திரிகைப்பழம் ஆகியவை நாய்களுக்கு நஞ்சு.

குட்டி விரைவாகப் பெருக்க வேண்டும் என்று கல்சியம் குளிசைகளை வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. பெரிய இனக் குட்டிகளுக்கு மேலதிக கல்சியம் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். வைத்தியர் சொன்னால் மட்டுமே கொடுங்கள். கொழுக்க விடவும் கூடாது. இந்த இனத்துக்கு இடுப்பு, முழங்கை மூட்டு நோய்கள் அதிகம். நிறை கூடினால் மூட்டுகள் மேலும் பழுதடையும். உணவு உண்டவுடன் ஓட விடாதீர்கள். வயிறு ஊதி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் இரைப்பை முறுகியிருக்கலாம். சில மணித்தியாலங்களில் உயிரே போய்விடும் என்பதால் உடனே வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

வெய்யிலும் நோயும்

குளிர்நாட்டில் உருவான கரிய உடலுக்கு நமது வெய்யில் கடுமையானது. நடக்கக் கொண்டுபோவது விடியற்காலையிலும் பொழுதுபட்ட பின்னரும் மட்டுமே. நிழலும் குளிர்ந்த தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். பலமாக மூச்சிரைத்து, தள்ளாடினால் உடலில் தண்ணீர் ஊற்றி, விசிறி, தாமதியாமல் வைத்தியரை நாடுங்கள்.

காது, கால்விரல் இடுக்குகளில் உண்ணி இருக்கின்றதா என்று தினமும் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் சோர்வு உண்டாகும், முரசு வெளிறும். பார்வோ நோய் றொட்வைலர் குட்டிகளை எளிதில் பிடிக்கும். வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றோட்டமும் அதன் அறிகுறிகள். உரிய தடுப்பூசிகளை ஒன்றும் தவறாமல் போட்டு, அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். விசர்நோய்த் தடுப்பூசியை வருடந்தோறும் போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வாங்கும் முன்

நான் சொன்னவற்றைக் கேட்ட அந்தச் சகோதரி ஒரு கிழமை யோசித்தார். பின்பு உறவினர் வீட்டில் நின்ற ஊர்நாய்க் குட்டியொன்றை எடுத்து வளர்த்தார். இப்போது படலைச் சத்தம் கேட்டால் முதலில் குரைப்பது அதுதான். அவரது வருமானத்துக்கும் சிறிய வளவுக்கும் அது பொருத்தமாக இருக்கின்றது.

சகோதரிகளே, பெரிய இன நாய் வாங்குமுன் நீங்களும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். மாதாமாதம் உணவுக்கும் மருந்துக்கும் பணம் இருக்குமா? தினமும் ஒரு மணித்தியாலம் அதனுடன் செலவிட முடியுமா? அதன் பலத்தைக் கையாளக்கூடிய ஒருவர் வீட்டில் இருக்கின்றாரா? அது முதுமையடைந்தாலும் பார்ப்பீர்களா? இந்த இனம் பெரும்பாலும் எட்டு முதல் பத்து வருடங்கள் வாழும். எங்கள் ராசா இப்போதே படி ஏறச் சிரமப்படுகின்றான். பின்னேரங்களில் மாமிதான் அவனுக்குக் கால் தடவி விடுகின்றார். இவை அனைத்துக்கும் 'ஆம்' என்று சொல்லக்கூடியவர்கள் தாராளமாக வாங்குங்கள். மற்றவர்களுக்கு ஒரு ஊர்நாய்க் குட்டியே நல்ல துணையாக இருக்கும்.