நாய்க்குட்டி எதைக் கடிக்கலாம்? எதை விழுங்கிவிடும்?



பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று நம்ம பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் தோட்டத்து வீட்டு வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். ராத்திரியில் மோட்டார் கொட்டகைக்கும் ஆட்டுப் பட்டிக்கும் அதுதான் காவல். கோம்பை நாய்க்குப் பெயர் கொடுத்ததே நம் தேனி மாவட்டத்துக் கோம்பை ஊர்தான். ஆனால் மாடு ஒரு வேளை தீவனம் எடுக்காவிட்டால் பதறுகிற நாம், நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால், "தானாச் சரியாப் போயிரும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதால் செத்த நாய்கள் நிறைய. அவற்றில் சிலவற்றின் வயிற்றில் இருந்தது ஒரு மாங்கொட்டைதான்.

நாய் ஏன் கண்டதையும் விழுங்குகிறது? குட்டிக்கு முதலில் 28 பால் பற்கள் முளைக்கும். நாலாம் மாத வாக்கில் அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப் பற்கள் வந்துவிடும். அந்தச் சமயத்தில் ஈறு அரிக்கும். எதையாவது கடிக்காமல் குட்டியால் இருக்க முடியாது. செருப்பைக் கடித்தது என்று அடித்துப் பயனில்லை. கடிக்கத் தகுந்த பொருளை நாம் கொடுக்காவிட்டால், தகாத பொருளை அது தானே தேடிக்கொள்ளும். இதுதான் முக்கியமான விஷயம்.

இன்னொன்றும் உண்டு. மாடு போல நாய் அசை போடாது. கடித்ததை அப்படியே விழுங்கும். இரைப்பை அகலமானது, பெரிய பொருளையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதை அடுத்துள்ள குடல் குறுகலானது. சிக்கல் அங்கேதான்.

நம்ம தோட்டத்திலேயே இருக்கும் ஆபத்துகளைப் பாருங்கள்.

மாங்கொட்டை: போடி, பெரியகுளம் பக்கம் மாம்பழக் காலத்தில் வாசலெல்லாம் கொட்டைதான். வழுவழுப்பாக இருப்பதால் தொண்டையில் எளிதாக இறங்கிவிடும். இரைப்பையில் பல நாள் சும்மா கிடந்து, பிறகு ஒருநாள் குடலை அடைக்கும்.

மக்காச்சோளக் கட்டை: மணி உதிர்த்த கதிர்க் கட்டை நாயின் வயிற்றில் செரிக்காது. எக்ஸ்ரே படத்திலும் பல சமயம் தெளிவாகத் தெரியாது.

நூலும் கயிறும்: உரச் சாக்கைப் பிரித்த நூல், நைலான் கயிறு, பூக்கட்டும் நார். இவைதான் பொல்லாதவை. ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போகும். சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தால் பை எப்படிச் சுருங்குகிறதோ, அப்படிக் குடல் சுருங்கும். நூல் குடலை அறுத்தும் விடும்.

வெந்த எலும்பு: கறிக்குழம்பில் வெந்த எலும்பு, முக்கியமாகக் கோழி எலும்பு, ஊசி ஊசியாக உடையும்.

கேரி பை: 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் இதற்குத் தடை. இருந்தாலும் குப்பைக் குழியில் கிடக்கத்தானே செய்கிறது! மீன் வாசனை, கறி வாசனை ஒட்டியிருந்தால் நாய் பையோடு தின்றுவிடும். பசுவுக்கும் இதே ஆபத்துதான்.

சரி, விளையாட என்னதான் கொடுப்பது?

முதல் விதி அளவு. நாயின் வாய்க்குள் முழுசாகப் போகிற எந்தப் பந்தும் ஆகாது. குட்டிக்கு வாங்கிய பந்து, அது வளர்ந்த பிறகு தொண்டையை அடைக்கும். நாய் வளர வளரப் பந்தையும் மாற்றணும். இரண்டாவது விதி, நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது அமுங்கணும். கல்லு மாதிரி இருந்தால் பல் உடையும். மூன்றாவது விதி, துண்டு துண்டாகப் பிய்ந்து வரக் கூடாது. பொத்தான், மணி, உள்ளே பீப்பி வைத்த பொம்மை வேண்டாம். பழைய டயர்த் துண்டும் வேண்டாம், உள்ளே கம்பி இருக்கும்.

கெட்டியான பெரிய ரப்பர் பந்து நல்லது. காசு செலவில்லாத வழியும் உண்டு. பழைய பருத்தி வேட்டியை முறுக்கிக் கெட்டியாகப் பெரிய முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். நூல் பிரிய ஆரம்பித்ததும் எடுத்து எறிந்துவிடுங்கள். தினமும் போடும் சோற்றையே சின்னச் சின்ன உருண்டையாக்கி, சுத்தமான தரையில் அங்கங்கே வைத்துத் தேட விடலாம். மோப்பம் பிடித்துத் தேடுவதைவிட நாய்க்குப் பிடித்த விளையாட்டு வேறில்லை.

எதையாவது விழுங்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும். குடித்த தண்ணீர்கூடத் தங்காது. வயிற்றைத் தொட்டால் நோகும். மலம் கழிக்க முக்கும், வராது. இப்படி இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டணும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, உப்பே விஷமாகும். விளக்கெண்ணெயும் கொடுக்க வேண்டாம். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இது நம்ம உயிரைப் பற்றியது. வாயைத் திறந்தபடி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் நாய் தவித்தால், "எலும்பு சிக்கியிருக்கு" என்று கையை உள்ளே விடாதீர்கள். வெறிநோயும் அதே மாதிரிதான் இருக்கும். தடுப்பூசி போடாத நாய், வெளியில் கடிபட்ட நாய் என்றால் சந்தேகமே வேண்டாம், தள்ளி நின்று மருத்துவரை அழையுங்கள். எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளணும். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில் தவறாமல் போட்டு வந்தால் இந்தப் பயம் இருக்காது.

மாங்கொட்டைக்கும் கதிர்க் கட்டைக்கும் மூடியுள்ள ஒரு குழி, சாக்கு நூலைப் போட ஒரு டப்பா, குட்டிக்கு ஒரு பெரிய பந்து. இந்த மூன்றையும் இன்றைக்கே ஏற்பாடு பண்ணிடுங்க.