மோட்டார் எஞ்சினும் மெலிந்த கலவையும்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் பலரிடத்து ஓர் அச்சம் நிலைபெற்றிருக்கிறது. எஞ்சினுக்குப் பெட்ரோலைக் குறைத்தால் அது சூடேறி வால்வுகள் கருகிவிடும் என்பதே அது. ஆதலின் சற்று மிகுதியாக ஊட்டுவதே நலமென்று கருதிக் கார்புரேட்டரைத் திருகி வைக்கின்றனர். இவ்வச்சம் பாதி உண்மை; மற்றைப் பாதியால் வீணாகும் பொருளோ சிறிதன்று. எது எவ்விடத்து உண்மை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிதற்கு எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். இதனினும் காற்றுக் குறைந்த கலவையைச் செறிந்ததென்றும், மிகுந்த கலவையை மெலிந்ததென்றும் கூறுவோம். செறிந்த கலவையில் பிராணவாயு போதாமையால், கரியின் ஒரு பகுதி கரியமிலவாயு ஆகாது கார்பன் மோனாக்ஸைடாகவே வெளியேறுகின்றது. கரி முற்றும் எரியுங்கால் தரும் வெப்பத்தில் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவே இவ்வரைகுறை எரிவில் கிடைக்கும். அப்பகுதியின் எஞ்சிய வெப்பம், நாம் விலை கொடுத்து வாங்கியதாயினும், புகைக்குழாய் வழியே போய்விடுகிறது.

அற்றாயின், செறிந்த கலவை எதற்கு? மேட்டில் ஏறும்போதும் விரைந்து முந்தும்போதும் எஞ்சினின் முழு ஆற்றலும் வேண்டப்படும். அது உட்கொள்ளக்கூடிய காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அக்காற்றில் உள்ள பிராணவாயு சிறிதும் வீணாகாதிருக்கப் பெட்ரோலை மிகுதியாகவே விடவேண்டும், 12.5 முதல் 13 பங்கு காற்றுக்கு ஒன்று என்பது வழக்கு. மிகுந்த பெட்ரோல் ஆவியாகிக் குளிர்ச்சியும் தரும். இந்நிலையில் மெலிந்த கலவையைக் கொடுத்தால் எஞ்சின் தட்டொலி எழுப்பும். பிஸ்டனுக்கும் கேடு நேரும். மேற்சொன்ன அச்சம் இவ்விடத்து உண்மையே.

சமதரையில் செல்லும் வண்டியின் நிலை வேறு. இலங்கையில் இன்றும் ஓடக் காணும் மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1098 கன சென்டிமீட்டர் எஞ்சின் பொருத்திய அவ்வண்டியின் முழுத்திறன் ஏறத்தாழ 48 குதிரைத்திறன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் ஓட அதற்குப் பத்துக் குதிரைத்திறன் போதும். சிறிதளவு கலவையே எரிகின்றமையால் உண்டாகும் வெப்பமும் சிறிதே. அப்போது 15.5 அல்லது 16 பங்கு காற்றைக் கொடுத்தால் வால்வுகள் கருகமாட்டா. மிகுதியான காற்றும் வெப்பத்தைப் பகிர்ந்துகொள்வதால் சுடரின் வெப்பநிலை தாழவே செய்யும். மேலும், அதே திறனைப் பெறுதற்குத் திராட்டிலைச் சற்று அகலத் திறக்க வேண்டியிருத்தலின், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுபவன் கையை எடுத்தாற்போல எஞ்சின் எளிதில் மூச்சு வாங்கும்.

மெலிந்த கலவை மெல்ல எரிவது. ஆகையால் தீப்பொறி முன்னதாகவே எழல்வேண்டும். வெற்றிடத்தால் இழுக்கப்படும் ஒரு சவ்வு டிஸ்டிரிபியூட்டரில் இதனைச் செய்கிறது. அச்சவ்வு கிழிந்திருந்தால் வண்டி தயங்கித் தயங்கி ஓடும். பழியோ கார்புரேட்டரின் மேல் விழும்!

மைனரில் உள்ள எஸ்.யு. கார்புரேட்டர் ஸ்கின்னர் உடன்பிறந்தாரின் பெயரால் வழங்குவது. அதனுள் புகும் காற்றின் அளவிற்கேற்ப ஓர் உருளை மேலெழும். அதனோடு பிணைந்த கூரிய ஊசியும் ஜெட் என்னும் துளையினின்று மேலெழ, ஊசியைச் சுற்றிய இடைவெளி அகன்று பெட்ரோல் மிகுதியாகப் பாயும். அழகிய அமைப்பே. ஆயினும் ஒரு குறை உண்டு. உருளை அறிவது காற்றின் அளவை மட்டுமே. வண்டி மேட்டில் மெல்லத் திணறுகின்றதோ, சமதரையில் விரைகின்றதோ என்பதை அஃது அறியாது. இரண்டிடத்தும் காற்று ஒத்திருப்பின் கலவையும் ஏறக்குறைய ஒத்திருக்கும். ஹாலி முதலிய கார்புரேட்டர்களில், வெற்றிடம் குறைந்தவுடன் திறக்கும் தனித் துளை ஒன்றை வைத்து இக்குறையை நீக்கினர்.

ஜெட்டின் அடியிலுள்ள மரையைத் திருகுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். அது நின்றியங்கும் நிலை முதல் முழு வேகம் வரை எல்லா நிலைக் கலவையையும் ஒருங்கே மாற்றும். இடைநிலையை மட்டும் மெலிவிக்க விரும்பினால் நடுப்பகுதி பருத்த வேறோர் ஊசியையே இடல்வேண்டும். இதற்கென ஊசியின் தடிப்பை எட்டில் ஓர் அங்குலத்திற்கு ஒருமுறை அளந்து குறித்திருக்கின்றனர். சமதரையில், மேல் கியரில், ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்க்கையில் வண்டி விட்டுவிட்டு இழுக்குமாயின் மெலிவு எல்லை கடந்தது, சற்றே செறிவாக்குக. பிளக்கின் நுனி இளம்பழுப்பாயிருப்பின் நன்று, கரிபடிந்திருப்பின் செறிவு, வெளுத்திருப்பின் மெலிவு. மெலிவித்த பின் ஒரு மேட்டிலும் ஏற்றிப் பார்க்காமல் வேலை முடிந்ததென்று எண்ணற்க. அங்கே தட்டொலி கேட்பின் பழைய ஊசியே மேல்.

புகையைத் தூய்மையாக்கும் கருவி பொருத்திய இக்கால வண்டிகளுக்கு இம்முறை ஏலாது. அக்கருவி மூவகை நச்சுப் பொருள்களையும் ஒருங்கே நீக்குதற்குக் கலவை 14.7 என்னும் அளவை ஒட்டியே நிற்கவேண்டும். 16 பங்கை நெருங்கும்போது நைட்ரஜன் ஆக்ஸைடுகள் பெருகும், அவற்றை அது மாற்றவும் மாட்டாது. 1976இல் வால்வோ வண்டிகளில் முதன்முதல் அமைந்த பிராணவாயு உணர்வி புகையைக் கணந்தோறும் சோதித்துக் கலவையைத் தானே திருத்துவதால், அவ்வகை வண்டிகளில் நம் திருப்புளிக்கு வேலையில்லை.