ஆரம்பப் பாடசாலை அதிபரும் தவணை மடலும்

இவ்விழா மலரிற் கல்லூரியின் வரலாறு, கட்டடங்கள், துடுப்பாட்டப் புகழ், பரீட்சைப் பெறுபேறுகள் என்பனவெல்லாம் எழுதத்தக்கவர்களால் எழுதப்பெறும். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. நம் கல்லூரிக்குள் ஆறாந் தரத்திற் காலடி வைத்தவருள் மிகப் பலர் அதற்குமுன் ஐந்தாண்டுகள் ஏதோவோர் அயற் பாடசாலையின் மணலில் எழுதிப் பழகியவர்கள். அத்தகைய பாடசாலையின் அதிபர், தம் மாணவரின் வீட்டாருக்குத் தவணைதோறும் எழுதக்கூடிய ஒரு மடலைப் பற்றியே இங்குச் சில கூற விரும்புகின்றோம்.

பாடசாலையிலிருந்து வீட்டுக்குக் கடிதம் வருகின்றதென்றால் நம்மூர்த் தாய்மார் முதலிற் கேட்பது, "எவ்வளவு காசாம்?" என்பதே. காசு இல்லையெனின் அடுத்து, "என்ன குழப்படி செய்தனீ?" என்பர். இவ்விரு வினாக்களும் அவர்கள் குற்றமல்ல. பணம் வேண்டியபோதும் பிழை நேர்ந்தபோதும் மட்டுமே நாம் அவர்களுக்கு எழுதி வந்திருக்கின்றோம். பிள்ளை நன்றாயிருக்கும் காலமெல்லாம் பாடசாலை வாய் திறவாதிருக்கின்றது. இதனால், கல்வியிற் குறைந்த பெற்றோர் பாடசாலை வாயிலை நீதிமன்ற வாயிலைப் போலக் கருதி விலகி நிற்கப் பழகிவிட்டனர். பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் ஒருங்கே அங்கம் வகிக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங் கூட, பல இடங்களில் முன்வரிசையில் அமரும் நால்வர் ஐவரின் சங்கமாகவே இயங்குகின்றது.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்த நாம் பல பாடசாலைகளிற் பணியாற்றினோம். அவற்றுள் ஒன்று வலிகாமத்திலுள்ள சிறியதோர் ஆரம்பப் பாடசாலை. எண்பது குடும்பங்களின் பிள்ளைகளே அங்கு படித்தனர். அதன் அதிபராயிருந்த அம்மையார் ஒவ்வொரு தவணையும் ஒரு தாளின் இரு பக்கங்களிலும் அடங்குமாறு ஒரு மடல் எழுதிப் படியெடுத்து ஒவ்வொரு பிள்ளையின் கையிலுங் கொடுத்தனுப்புவார். "அன்புள்ள அம்மா, அப்பா, அம்மம்மா, அப்பம்மா அனைவருக்கும்" என்றே அது தொடங்கும். அம்மம்மாவை ஏன் அழைக்க வேண்டும் என்று நாம் ஒருமுறை வினவினோம். தந்தை வெளிநாட்டிலும், தாய் கூலி வேலையிலும், பிள்ளை பேர்த்தியார் மடியிலுமாக இருக்கும் வீடுகள் எத்தனை என்று இடாப்பைத் திறந்து எண்ணிக் காட்டினார். அதன்பின் நாம் வினவவில்லை.

அம்மடலின் சிறப்பு அதிலிருந்த செய்திகளிலேயே தங்கியிருந்தது. "மாணவர் கல்வியிற் சிறப்பாக முன்னேறி வருகின்றனர், பெற்றோர் ஒத்துழைக்க வேண்டும்" என்று எழுதுவது எளிது. எந்த ஆண்டிலும் எந்தப் பாடசாலையிலும் எழுதக்கூடிய வாக்கியமாதலால் அதனை எவரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. அம்மையார் எழுதுவது வேறு வகையானது. "இரண்டாந் தரப் பிள்ளைகள் பதினான்கு பேரும் இப்போது பத்துக்குள் விரல் மடிக்காமற் கூட்டுகின்றார்கள். கழித்தல் இன்னும் வரவில்லை. வீட்டிற் புளியங்கொட்டை இருந்தால் இருபது எடுத்து வைத்து, மாலையிற் பத்து நிமிடம் எடுத்தும் வைத்தும் விளையாட விடுங்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பக்கத்தில் இருந்தாற் போதும்." இதில் வந்ததும் உண்டு, வராததும் உண்டு, வீட்டார் செய்யக்கூடியதும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் புளியங்கொட்டை எடுத்து வைக்க வல்லவளே. தன்னாலும் ஒன்று ஆகும் என்று அவளுக்குத் தெரிவதே மெய்யான ஊக்கம் என்பது எம் துணிபு.

ஆண்டிற்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஏதேனுமொரு மடலில் வந்தேயாக வேண்டும் என்பது அவர் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட நியமம். முதலாம் இடம் பெற்றவர் பெயர் மட்டுமன்று. கிணற்றடி வாழைக்குத் தவறாது நீர் விட்டவன், தரம் ஒன்றின் கால்கோள் விழாவன்று அழுத சிறுமியைக் கைபிடித்து உள்ளே கூட்டிச் சென்றவள், மூன்று மாதம் ஒருநாளும் பிந்தாமல் வந்தவன் என்று தேடித் தேடி எழுதுவார். இதற்காகவே ஒரு கொப்பி வைத்திருந்தார். எவர் பெயர் இன்னும் வரவில்லை என்று பார்த்து, அப்பிள்ளையை ஒரு கிழமை கூர்ந்து நோக்குவார். நோக்கினால் எழுதுவதற்கு ஒன்று எப்படியுங் கிடைத்துவிடும் என்பார். பாராட்டும் பொருட்டு நோக்கத் தொடங்கி, கண்பார்வை மங்கிய ஒரு சிறுவனைக் கண்டுபிடித்ததும் உண்டு. அவன் கரும்பலகையைப் பாராதிருந்ததை நாமெல்லாம் சோம்பல் என்றே எண்ணியிருந்தோம்.

நம் குறையையும் இவ்விடத்திற் சொல்லிவிடுதல் நன்று. ஒரு தவணை அம்மையார் நோயுற்றிருந்தமையால் மடல் எழுதும் பணி தமிழாசிரியராகிய எம்மிடம் வந்தது. நாமும் மகிழ்ந்து, அடுக்குத்தொடரும் அணிநயமும் பொருந்த இரு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் படித்துவிட்டு, "நல்லாயிருக்கு, சேர். ஆனால் இதை மூன்றாந் தரப் பிள்ளையல்லவோ அம்மம்மாவுக்கு வாசிச்சுக் காட்ட வேணும்?" என்றார். அதுவரை எமக்கு அது தோன்றவேயில்லை. மடலைக் கொண்டுசெல்பவரும் அதை உரத்துப் படிப்பவரும் பிள்ளையே. ஆகவே அம்மடல் பெற்றோருக்குச் செய்தியாக இருக்கும்போதே பிள்ளைக்கு வாசிப்புப் பாடமாகவும் அமைகின்றது. 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாவலர் பெருமான், வாதங்களிற் கையாண்ட நடையை விடுத்துச் சிறாருக்கான பாலபாடத்தைச் சின்னஞ்சிறு வாக்கியங்களாலே தொடங்கியதன் அருமை எமக்கு அன்றுதான் முற்றும் விளங்கியது. எழுதியதைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினோம். முதலிலெழுதியதிலும் அது கடினமாயிருந்தது.

2022 ஆம் ஆண்டு நாட்டில் எரிபொருளும் கடதாசியும் அருகி, விலைவாசி ஏறி, பாடசாலைகள் சிலகாலம் மூடியுங் கிடந்தன. மீளத் திறந்தபோது எம் இடாப்பில் வெறுமைகள் தோன்றின. வராத பிள்ளைகளுக்கு நோயில்லை. சப்பாத்துத் தேய்ந்துவிட்டது, கொப்பி வாங்கக் காசில்லை, காலையில் உண்ண ஒன்றுமில்லை. இவற்றைப் பாடசாலையிற் சொல்லக் கூசிய பெற்றோர், "காய்ச்சல்" என்று சொல்லியனுப்பினர். அத்தவணை மடல் அரைத் தாளே. கடதாசிப் பஞ்சம் பாடசாலைக்கும் உண்டல்லவா? "சப்பாத்து இல்லாவிட்டாற் செருப்போடு அனுப்புங்கள். செருப்பும் இல்லாவிட்டால் வெறுங்காலோடு அனுப்புங்கள். பழைய கொப்பியின் எழுதாத தாள்களைத் தைத்துத் தருகின்றோம். காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கஞ்சி உண்டு. ஆசிரியர்களும் அதையே குடிக்கின்றோம்." கடைசி வாக்கியத்தை எழுதிய பின்னரே அம்மையார் எம்மை அழைத்து, நாளை முதல் நீங்களும் கஞ்சி குடிக்க வேண்டும் என்றார். எழுதியது மெய்யாக வேண்டுமே. அடுத்த கிழமையில் வராதிருந்தோரிற் பெரும்பாலோர் வந்துவிட்டனர். வெறுங்காலோடு வந்தோர் நால்வர்.

இனிப் புலமைப்பரிசிற் பரீட்சை. இலவசக் கல்வியோடு ஒட்டி வளர்ந்த இப்பரீட்சை, வருமானங் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணம் அளித்தல், திறமையுடையோர்க்குப் பெரிய பாடசாலைகளில் இடமளித்தல் என்னும் இருவகை நோக்கம் உடையது. வினாத்தாள்கள் இரண்டு, புள்ளிகள் 200, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் வெட்டுப்புள்ளி. அக்கோடு இடங்களின் தொகையை நோக்கி இழுக்கப்படுவதேயன்றிப் பிள்ளையின் அறிவுக்கு எல்லை காட்டுவதன்று. அக்கோட்டைத் தாண்டியோரை வாயிலில் வரவேற்கும் கல்லூரியின் மலரில் நின்று இதனைச் சொல்வது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கின்றது, ஆயினுஞ் சொல்லவேண்டியிருக்கின்றது.

முன்னர் நாம் பணியாற்றிய வேறொரு பாடசாலையிற் பெறுபேறு வந்த மறுநாள், சித்தியெய்தியோரின் படங்களை அச்சிட்ட பெரும் பதாகையை வாயிலிற் கட்டினர். எம் வகுப்பில் வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைந்த சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் பதினொரு நாட்கள் பாடசாலைக்கு வரவில்லை. வந்தபோதும் வாயில் வழியாக வராமல் பின்வேலிக் கடப்பால் வந்தான். அவன் வீட்டுக்கு ஒரு வரி எழுதியனுப்ப வகுப்பாசிரியராகிய எமக்கு அன்று தோன்றவில்லை. அப்பிழை எம்முடையதே.

அம்மையார் இதற்கெனத் தனி மடல் வைத்திருந்தார். அது பெறுபேறு வருவதற்கு முன்னரே ஐந்தாந் தரத்துப் பெற்றோருக்குப் போய்விடும். வந்தபின் எழுதினால் அது ஆறுதலாகிவிடும், ஆறுதல் தோல்வியை உறுதிப்படுத்தும் என்பது அவர் கருத்து. பிள்ளை ஐந்தாண்டில் எவற்றைக் கற்றான் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நான்கு வரி கையால் எழுதுவார். "இவை அவனிடம் இருக்கின்றன. வரப்போகும் எண் எதுவாயினும் இவற்றை எடுத்துக்கொண்டு போகாது. அன்று மாலை அவனுக்குப் பிடித்ததைச் சமையுங்கள், எண்ணைப் பார்த்தபின் அல்ல, பார்க்குமுன்" என்று முடிப்பார். அப்பாடசாலையிலும் அழுத பிள்ளைகள் இருந்தனர். பின்வேலியால் வந்த பிள்ளையை நாம் அங்கு கண்டதில்லை.

இப்போது கைத்தொலைபேசிக் குழுக்கள் வந்துவிட்டன. 2020 இற் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவை பேருதவி செய்தன என்பதை மறுப்பதற்கில்லை. நாளைக்கு விடுமுறை, மழையென்றாற் குடை என்பன போன்ற அறிவித்தல்களுக்கு அவை போதும். ஆயின் கைத்தொலைபேசியோ தந்தையின் சட்டைப் பையில் இருக்கின்றது, அம்மம்மாவிடம் இல்லை. தாள் சுவரில் ஒட்டப்படும். தன் பேரனின் பெயர் வந்த பக்கம் வெளிப்புறம் தெரியுமாறு சாமிப்படத்தருகே செருகி வைத்திருந்த வீடொன்றை நாம் கண்டோம். அம்மடல் ஈராண்டு பழையது.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு கணக்கு. எண்பது வீடு, ஆண்டுக்கு மூன்று தவணை, வீட்டுக்கு ஒரு தாள்: 240 தாள்கள். ஒரு றீமில் 500 உண்டு. மண்டபங்களுக்கும் நுழைவாயில் வளைவுகளுக்கும் மனமுவந்து வழங்கும் நம்மவர், தாம் முதலெழுத்துக் கற்ற அயற் பாடசாலைக்கு ஆண்டுக்கு ஒரு றீம் தாளும், படியெடுக்கும் பொறிக்கு மையும் கொடுத்தாற் போதும். கொடுப்போரின் பெயரை அதில் எங்கே பொறிப்பது என்பதுதான் விளங்கவில்லை. எழுதும் அதிபர்கள் இருக்கின்றார்கள். புதிய ஆண்டின் முதலாந் தவணைக்கு அவர்களிடம் தாள் இருக்குமா என்று ஒருமுறை போய்க் கேட்டு வருக.