ஒரு படி பயறில் 20 உளுந்து

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம். ‘கதிர்வீச்சு சடுதி மாற்றத்தை உண்டாக்கும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். ஒரு மாணவி எழுந்தாள். குமரி மாவட்டத்திலிருந்து அஸ்தினாபுரத்துக்குக் குடிவந்த குடும்பம். “மிஸ், எங்க பாட்டி வீடு மணவாளக்குறிச்சி. அங்க மண்ணுலயே கதிர்வீச்சு இருக்காமே, பாட்டிக்கு ஏதாவது ஆகுமா?”

அங்குள்ள கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பது உண்மை. ஆனால் ‘எவ்வளவு மாற்றம்’ என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அதன்பின் தேடிப் படித்ததைப் பகிர்கிறேன்.

அதே வகை மணல் உள்ள கேரளக் கடற்கரையில் எலிகளைப் பிடித்து, எலும்பையும் பல்லையும் வேறு பகுதி எலிகளோடு ஒப்பிட்டார்கள். 1966-இல் வெளியான அந்த ஆய்வில் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. எலும்பின் வடிவத்தைப் பல ஜீன்களும் உணவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. டி.என்.ஏ.வில் நேரும் எழுத்துப்பிழைகளை அதைப் பார்த்து எண்ண முடியாது.

அப்படி எண்ணும் வழி ஒன்றை 1989-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ‘லாக் இசட்’ என்ற பாக்டீரியா ஜீனை ஒரு வைரஸின் டி.என்.ஏ.வில் இணைத்து, சுண்டெலியின் எல்லாச் செல்களிலும் இருக்கும்படி செய்தார்கள். எலிக்கு அந்த ஜீனால் வேலையில்லை. பிழை நேர்ந்தால் பதிந்து கிடக்கும். சோதிக்க வேண்டிய பொருளை எலிக்குக் கொடுத்தபின், கல்லீரல் போன்ற உறுப்பிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அந்தப் பகுதியை வைரஸ் உறைக்குள் அடைத்து, பாக்டீரியாவில் வளர்க்கிறார்கள். அதற்கான வேதிப்பொருள் கலந்த ஊடகத்தில், ஜீன் சரியாக இருந்தால் நீலப் புள்ளி தோன்றும். பழுதானால் நிறமற்ற புள்ளி. நிறமற்றவற்றை மொத்தப் புள்ளிகளால் வகுத்தால் சடுதி மாற்ற விகிதம் கிடைக்கும். எதுவும் கொடுக்காத எலியிலும் லட்சத்துக்குச் சில இருக்கும். அதைவிடக் கூடினால்தான் அந்தப் பொருளைச் சந்தேகிக்க வேண்டும். 2011 முதல் இதற்குப் பன்னாட்டுச் சோதனை வழிகாட்டி உண்டு.

வகுப்பில் இதை எளிதாகக் காட்டலாம். ஒரு படி பச்சைப்பயறில் 20 உளுந்தைக் கலந்து, ஆளுக்கொரு கரண்டி கொடுங்கள். பலருக்கும் பூஜ்யம்தான் வரும். ‘உளுந்தே இல்லை’ என்பார்கள். எல்லோருடைய எண்ணிக்கையையும் கூட்டினால் உண்மை தெரியும். அரிதான ஒன்றை அளக்க ஏன் இலட்சக்கணக்கில் எண்ண வேண்டும் என்பது அப்போது புரியும்.

அந்த மாணவியிடம் மறுவாரம் சொன்னேன்: “கதிர்வீச்சு இருக்குங்கறத மட்டும் வச்சுப் பாட்டிக்கு ஆபத்துன்னு சொல்ல முடியாதும்மா. எவ்வளவுன்னு எண்ணிப் பார்த்துதான் பேசணும். அன்னைக்கு நான் அவசரமா சொல்லிட்டேன்.”

இப்போதெல்லாம் ‘உண்டாக்கும்’ என்று எழுதியபின், பக்கத்தில் ‘எவ்வளவு?’ என்றும் கரும்பலகையில் எழுதுகிறேன்.