கடைக் கோப்புகளை வேறு டிரைவுக்கு மாற்றுகிறீர்களா? பழையதை உடனே மூடிவிடாதீர்கள்



சீயமங்கலம், செஞ்சி, தேசூர் பகுதிகளில் ஜவுளிக்கடை, அரிசி மண்டி, டிராவல்ஸ், ஹார்டுவேர் கடை நடத்தும் நம் குடும்பங்களிலிருந்து அண்மைக் காலமாக ஒரே கேள்வியோடு பலர் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறார்கள். “டிரைவ் நிரம்பிவிட்டது என்று மெசேஜ் வருகிறது. வேறு கம்பெனிக்கு மாறலாமா? மாறினால் எங்கள் பில்லும் கணக்கும் பத்திரமாக இருக்குமா?” என்பதே அந்தக் கேள்வி.

மாறலாம். ஆனால் கோப்புகளைப் பிரதி எடுப்பது இந்த வேலையில் பாதிதான். கோப்புகள் யார் பெயரில் இருக்கின்றன, எல்லாம் வந்து சேர்ந்தனவா என்று பார்ப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை விட்டுவிட்டு நாமே சிரமப்பட்டிருக்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நமக்கு நேர்ந்தது

நமது டிரஸ்டின் கல்வி உதவி விண்ணப்பங்கள் மூன்று ஆண்டுகளாக ஒரு சகோதரரின் சொந்த மெயில் அக்கவுண்டில் இருந்தன. அவர் நம்மோடு தன்னார்வமாக வேலை செய்தவர், நல்ல மனிதர். வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போனார். இங்கிருந்த சிம் கார்டு காலாவதியானது. பிறகு நாம் அந்த அக்கவுண்டைத் திறக்க முயன்றபோது, ஓ.டி.பி. அந்தப் பழைய எண்ணுக்கே போனது. அவரைப் பிடித்து, வழி கண்டுபிடித்து உள்ளே போவதற்குள் பல நாட்கள் ஓடிவிட்டன. உதவித்தொகைக்குக் கடைசி நாள் நெருங்கியதால் சில பிள்ளைகளிடம் சான்றிதழ்களை மறுபடியும் கேட்க வேண்டியதாயிற்று. கணவரை இழந்த ஒரு தாய், வருமானச் சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு இரண்டாம் முறை நடந்தார். அந்தச் சகோதரர் மீது தவறில்லை. டிரஸ்டின் பொருளை ஒரு தனி மனிதரின் அக்கவுண்டில் வைத்தது நம் தவறு.

உங்கள் கடையின் ஜி.எஸ்.டி. பில்கள், பங்குதாரர் ஒப்பந்தம், கடன் பாக்கிப் பட்டியல் எல்லாம் யாருடைய அக்கவுண்டில் இருக்கின்றன? இன்றே வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஏன் மாற வேண்டி வருகிறது?

சேமிப்பு இடம் தரும் நிறுவனங்கள் விதிகளை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் போட்டோக்களும் அந்தக் கணக்கிலேயே சேர்கின்றன. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் தந்து வந்த இடத்தையும் கூகுள் நிறுத்தி, பொதுவாக ஒரு நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்று வரம்பு வைத்தது. டிராப்பாக்ஸ் நிறுவனமும் வியாபாரத் திட்டத்தில் ‘தேவைப்படும் அளவுக்கு’ என்று தந்த இடத்தை 2023 ஆகஸ்டில் நிறுத்தியது. ஆகவே இன்று மாறுகிறவர் சில ஆண்டுகளில் மறுபடியும் மாற நேரலாம். முறையை ஒரு தடவை கற்றுக்கொண்டால் எப்போதும் பயன்படும்.

அரசாங்கம் எப்படி மாறியது?

அண்மையில் நம் நாட்டில் நடந்த பெரிய மாற்றம் மத்திய அரசு ஊழியர்களின் மெயில் மாற்றம். ஏறத்தாழ 12 லட்சம் ஊழியர்களின் மெயில், தேசியத் தகவலியல் மையத்தின் அமைப்பிலிருந்து ஸோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டது. 1996இல் தொடங்கப்பட்ட ஸோஹோ, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அதன் அலுவலகம் உண்டு. ‘ஒர்க்டிரைவ்’ என்ற பெயரில் கம்பெனிகளுக்கான கோப்புச் சேமிப்பையும் அது தருகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. மெயில் தளம் மாறியபோதும் ஊழியர்களின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’, ‘என்ஐசி டாட் இன்’ என்றே இருந்தது. முகவரி அரசின் சொந்தப் பெயர். மாறியது அதை நடத்திக் கொடுக்கும் நிறுவனம் மட்டுமே. கடைக்கும் இதே வழி உண்டு. கடையின் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, அந்த முகவரியில் அக்கவுண்ட் தொடங்கினால், நாளை எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் முகவரி உங்களுடையதாகவே இருக்கும்.

எது தானாக வராது?

பிடிஎஃப், போட்டோ, எக்செல் போன்ற கோப்புகள் அப்படியே வந்துவிடும். கீழே உள்ளவை தானாக வராது, அல்லது மாறி வரும்.

பகிர்வு அனுமதி: ஆடிட்டர், மேனேஜர், தம்பி என்று யார் யாருக்குத் திறந்து வைத்தீர்களோ, அந்த அனுமதிகளைப் புதிய இடத்தில் பெரும்பாலும் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய லிங்குகள் பழைய டிரைவையே காட்டும். அதை மூடினால் லிங்கும் போய்விடும்.

பிறருடைய கோப்புகள்: ‘என்னோடு பகிர்ந்தவை’ என்ற பகுதியில் தெரிபவை உங்களுடையவை அல்ல. உரிமையாளர் அழித்தால் உங்களுக்கும் இல்லை. அவற்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ்: கம்ப்யூட்டரில் தெரியும் இந்தச் சிறிய கோப்புகள் வெறும் சுட்டிகள்தான், உள்ளடக்கம் கூகுளிடமே இருக்கிறது. பென்டிரைவில் அந்தச் சுட்டியை எடுத்து வைத்தால் கையில் ஒன்றும் இருக்காது. வேர்டு, எக்செல் வடிவத்துக்கு மாற்றித்தான் இறக்க வேண்டும். ஒரு ஷீட்டிலிருந்து மற்றொன்றுக்கு எண்களை இழுக்கும் ஃபார்முலா வைத்திருந்தால், மாறிய பிறகு அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

கோப்பின் பெயர்: ‘பில் 17/24-25’ என்று சாய்கோடு போட்டுப் பெயர் வைப்பது நம் கடைகளில் வழக்கம். கூகுள் டிரைவ் அதை ஏற்கும். விண்டோஸும் ஒன்டிரைவும் ஏற்காது. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறிக்கும் இதே தடை உண்டு. சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு போட்டுவிடுங்கள்.

பழைய தமிழ் எழுத்துரு: பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த ஒப்பந்தங்கள், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பழைய கம்ப்யூட்டர் கையில் இருக்கும்போதே அவற்றைப் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள்.

மாற்றும் முறை

1. முதலில் பட்டியல் எழுதுங்கள். எந்தெந்த போல்டர், அதில் எத்தனை கோப்புகள், எத்தனை ஜிபி, யார் பெயரில் உள்ளது என்று ஒரு தாளில் குறியுங்கள். முடிவில் சரிபார்க்க இந்தத் தாள்தான் ஆதாரம்.

2. வேண்டாததைக் கழியுங்கள், ஆனால் சட்டம் கேட்பதை அழிக்காதீர்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள், அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் 8 நிதியாண்டுகள். அந்தக் கம்பெனிகள் மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி வந்தது. எந்தச் சேவையைத் தேர்ந்தெடுத்தாலும் இதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. புதிய அக்கவுண்டைக் கடையின் பெயரில் தொடங்குங்கள். மீட்பு எண் கடையின் எண்ணாக இருக்கட்டும். அட்மின் இரண்டு பேராவது வேண்டும். கோப்புகளைத் தனி ஆளின் டிரைவில் வைக்காமல், கூகுளில் ‘ஷேர்டு டிரைவ்’, ஸோஹோவில் ‘டீம் போல்டர்’ போன்ற பொது இடத்தில் வையுங்கள். அங்கே உள்ள கோப்பு நிறுவனத்தைச் சேரும். ஊழியர் விலகினாலும் அங்கேயே இருக்கும்.

4. நாளைப் பார்த்துக் குறியுங்கள். மாதாந்திரத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1 பொதுவாக 11ஆம் தேதி, 3பி 20ஆம் தேதி. அந்த நாட்களில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ரமலான், பெருநாள் விற்பனை நேரமும் வேண்டாம்.

5. ஒரு சிறிய போல்டரை மட்டும் முதலில் மாற்றி, இரண்டு நாள் பயன்படுத்திப் பாருங்கள். சரியாக இருந்தால் மற்றவற்றை மாற்றலாம். கோப்புகளை இறக்கி ஏற்றுவதானால் நேரத்தைக் கணக்கிடுங்கள். நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் வேகத்தில் 100 ஜிபி ஏற ஏறக்குறைய 22 மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் இன்னும் கூடும். ஸோஹோ ஒர்க்டிரைவிலும் மைக்ரோசாஃப்ட் 365இலும் பழைய டிரைவிலிருந்து நேரடியாக இழுத்துக்கொள்ளும் வசதி உண்டு. அதில் உங்கள் வீட்டு நெட் வேகம் பெரிதாகப் பொருட்டில்லை.

6. மாற்றம் தொடங்கும் நேரத்தை எல்லோருக்கும் சொல்லி, பழைய டிரைவைப் பார்க்க மட்டும் முடியும்படி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் பழையதிலும் இன்னொருவர் புதியதிலும் பாக்கியை எழுதி, எது சரி என்ற சண்டை கடைசியில் அண்ணன் தம்பிக்குள் வரும்.

7. சரிபாருங்கள். பட்டியலில் உள்ள எண்ணிக்கையும் அளவும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கூகுள் டாக்ஸ் வடிவம் மாறுவதால் அளவு சற்று வேறுபடலாம். எண்ணிக்கை வேறுபடக் கூடாது. மிகப் பழையது, மிகப் பெரியது, தமிழில் அடித்தது, பூட்டுப் போட்ட பிடிஎஃப் என்று சிலவற்றைத் திறந்து பாருங்கள்.

8. பழைய அக்கவுண்டை மூன்று மாதங்களாவது வைத்திருங்கள். ஒரு காலாண்டுத் தாக்கல் புதிய இடத்திலிருந்தே நல்லபடி முடிந்த பிறகு மூடலாம். சில மாதச் சந்தாவை மிச்சம் பிடிக்கப் போய், வருடக் கணக்கான பதிவுகளை இழந்துவிட வேண்டாம்.

இன்னொரு பிரதியும் தேவை

‘கிளவுடில் இருக்கிறது, இனி கவலையில்லை’ என்று இருந்துவிடக் கூடாது. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தகவல் மையத்தில் தீப்பிடித்தது. அந்நாட்டு அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ அழிந்தது. அதிலிருந்த 858 டெராபைட் தகவலுக்கு வெளியே வேறு பேக்கப் இல்லை. ஓர் அரசாங்கத்துக்கே நேர்ந்தது நமக்கும் நேரலாம். ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, மாதம் ஒரு முறை பிரதி எடுத்து, கடையில் வைக்காமல் வீட்டு அலமாரியில் வையுங்கள்.

அமானிதமும் குடும்பமும்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி நமக்குக் கட்டளை இருக்கிறது. எழுதியதைக் காப்பதும் அதில் அடங்கும் என்றே நாம் கருதுகிறோம். நம் கோப்புகளில் வாடிக்கையாளரின் ஆதார் நகலும், ஊழியரின் வங்கி விவரமும், உதவி கேட்டு வந்தவரின் வறுமையும் எழுதப்பட்டிருக்கின்றன. அவை நம்மிடம் உள்ள அமானிதம். மாற்றும் அவசரத்தில் ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று வைத்துவிடாதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு பழைய லேப்டாப்பிலும் பென்டிரைவிலும் கிடக்கும் நகல்களையும் அழித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கடையை நடத்துபவர் திடீரென வஃபாத் ஆகிவிட்டால், யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு நாம் எவ்வளவு தர வேண்டும் என்பது அவருடைய போனுக்குள் பூட்டப்பட்டுவிடும். மய்யித்தின் கடனை அடைக்க வாரிசுகளுக்கு அந்தப் பட்டியல் வேண்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் அக்கவுண்டை அழிக்கவும் கூகுளின் விதியில் இடம் உண்டு. நீங்கள் குறிப்பிட்ட மாதங்கள் அக்கவுண்ட் பயன்படாமல் இருந்தால் நம்பிக்கையான ஒருவருக்கு விவரம் போய்ச் சேரும்படி செய்யும் வசதியும் அதிலேயே இருக்கிறது. அதை இன்றே நிரப்புங்கள். கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பது உங்கள் மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

இந்த வேலையில் உதவி தேவைப்படுவோர் பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். பாஸ்வேர்டை எங்களிடம் சொல்ல வேண்டாம். நீங்களே உட்கார்ந்து போடுங்கள், பக்கத்தில் இருந்து வழி சொல்கிறோம். கட்டணம் எதுவும் இல்லை. நம் வியாபாரங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.